ஐந்து மதிப்பெண்ணுக்கு எவ்வளவு பேச வேண்டும்?

எங்கள் கல்லூரியின் கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

வரும் பருவத்திலிருந்து இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் வகுப்புப் பங்கேற்புக்கு 5, குழுப்பணிக்கு 5 என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை போன வாரம் எங்கள் துறைக்கு வந்தது. துறைத்தலைவர் படித்துக் காட்டினார், ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம், அது கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கு மட்டும் அதில் ஒரு வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது: ‘மாணவர்கள் வகுப்பு விவாதங்களில் துடிப்புடன் பங்கேற்க வேண்டும்.’

துடிப்பு என்றால் என்ன? அதை எதை வைத்து அளப்பது? என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் 64 பேர். ஒரு பீரியடு 50 நிமிடம். வருகைப்பதிவு எடுக்காமல், நான் ஒரு வார்த்தையும் பேசாமல், முழு நேரத்தையும் பங்கு போட்டுக் கொடுத்தாலும் ஆளுக்கு 47 விநாடி வராது. இந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி இல்லை. பத்தொன்பது வருடமாகப் பொருளியல் நடத்துகிறேன். வாய் திறக்காத வகுப்பில் பாடம் நடத்துவது சுவரோடு பேசுவதைவிடக் கொடுமை. சுவராவது எதிரொலிக்கும். மாணவர்கள் பேசட்டும், சேர்ந்து வேலை செய்யட்டும், அதற்கு மதிப்பெண்ணும் கொடுப்போம். என் மனக்குறை வேறு. எதிர்பார்ப்பு முழுவதையும் மாணவர் தலையில் மட்டும் எழுதிவிட்டீர்கள். ஆசிரியர் என்ன செய்ய வேண்டும், கால அட்டவணை எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. துறைக்குள் பேசினால் பேச்சு துறைக்குள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இப்போது நம் வகுப்புகளில் பங்கேற்பு என்ற பெயரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ‘விலை ஏறினால் தேவை...’ என்று நான் இழுப்பேன். ‘குறையும்’ என்று 64 குரல் முடித்துவைக்கும். ‘இதற்குப் பேர் தேவை வி...’ என்பேன், ‘தி!’ என்று வரும். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரும் இதைத் தூக்கத்திலும் செய்வார்கள். ஒரு நாள் குறும்பாக ‘விலை ஏறினால் தேவை கூ...’ என்று இழுத்துப் பார்த்தேன். ‘டும்!’ என்றது மொத்த வகுப்பும். முதல் பெஞ்சில் இரண்டு பெண்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் புதிய விதிப்படி அன்றைக்கு வகுப்பு மொத்தத்துக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு பேருக்கு என்ன போட்டிருப்பீர்கள்?

போன ஆகஸ்டில் ஃபோனை மேசையில் வைத்து என் வகுப்பை நானே பதிவு செய்தேன். இரவு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். ‘புரிஞ்சுதா?’ என்று 23 தடவை கேட்டிருக்கிறேன். 23 தடவையும் ‘புரிஞ்சுது மேம்.’ கேள்வி என்று சொல்லத்தக்கவை ஒன்பது. அதில் ஏழுக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன், மாணவர்கள் மூச்சு விடுவதற்குள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், ‘நீயே சொல்லிடப் போற, அப்புறம் எதுக்கு அந்தப் பிள்ளைங்ககிட்ட கேக்குற?’ என்றார். பதில் இல்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையே பெரிய அளவில் செய்திருக்கிறார். 1970களில் நூற்றுக்கணக்கான அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடிக்குமேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, எப்போதும் வாய் திறக்காதவர்கள் திறந்தார்கள், மாணவர்களே கேள்வி கேட்பது கூடியது. மூன்று விநாடி என்று தாளில் படிக்கும்போது சின்னதாகத்தான் தெரியும். வகுப்பில் நின்று பாருங்கள். மின்விசிறிச் சத்தம் கேட்கும், யாரோ பேனாவைத் தட்டுவது கேட்கும், நமக்கே பாடம் மறந்துபோன மாதிரி வியர்க்கும்.

நான் பிடிவாதமாகக் காத்திருந்தேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை, கொஞ்சம் சிரிப்புதான் கிளம்பியது. மூன்றாவது வாரம் தேவை விதி திரும்ப வந்தபோது, நடு வரிசையில் உட்காரும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: ‘மேம், ரேஷன்ல அரிசி இலவசம்தானே? விலையே இல்லன்னா எல்லாரும் வேணும் வேணும்னு வாங்கித் தள்ளணுமே. எங்க தெருவுல பாதிப் பேரு வாங்குறதே இல்ல.’

2011லிருந்து நம் மாநிலத்தில் ரேஷன் அரிசி இலவசம். நானும் பத்து வருடத்துக்குமேல் இந்த விதியை நடத்துகிறேன், ஒருநாளும் இந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. வகுப்பு பற்றிக்கொண்டது. ‘நாங்க இட்லிக்கு மட்டும்தான் போடுவோம் மேம்.’ ‘எங்க வீட்டுல கோழிக்கு.’ ‘வாங்கி வித்துடுவாங்க மேம்’ என்று ஒருவன் சொல்ல, ‘டேய், உங்க வீட்டைச் சொல்லாத’ என்று பின்னாலிருந்து ஒரு குரல். விலை தவிர தரம், கார்டுக்கு இவ்வளவுதான் என்ற அளவு, வரிசையில் நிற்கப் போகும் அரை நாள் கூலி, கௌரவம் என்று புத்தகத்தில் நாலு பக்கத்தில் இருப்பதை அவர்களே இருபது நிமிடத்தில் கொட்டிவிட்டார்கள். அன்றைக்கு வாய் திறந்தவர்கள் 11 பேர். போர்ஷன் ஒரு வரிகூட நகரவில்லை.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். அந்தப் பெண் அந்தப் பருவம் முழுக்க எழுந்து பேசியது அந்த ஒரு தடவைதான். தினமும் எழுந்து, நான் சொன்னதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லி உட்காரும் பையன் ஒருவன் இருக்கிறான், நல்ல பையன்தான். எத்தனை முறை பேசினார் என்று பட்டியல் வைத்தால் அவனுக்கு ஐந்து, அவளுக்கு ஒன்று. உங்கள் சுற்றறிக்கையை வைத்து இதைத் தீர்க்க முடியவில்லை.

நானே ஒருமுறை இதில் தவறியிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் வேளாண் பொருளியல் தாளுக்கு உழவர் சந்தையை ஆய்வு செய்யச் சொன்னேன். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை தொடங்கிய நாளிலிருந்து இது பொருளியல் மாணவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த பரிசோதனைக்கூடம். இடையில் தரகர் இல்லை, விவசாயி அடையாள அட்டையோடு வந்து நேரே விற்கிறார், அன்றைய விலை பலகையில் இருக்கிறது. ரோல் நம்பர்படி ஆறு ஆறு பேராகப் பிரித்துக் கேள்வித்தாளையும் கொடுத்து அனுப்பினேன். கேள்வித்தாளை ஆங்கிலத்தில் எழுதியது நான்தான்.

காலை ஆறு மணிக்குப் போய் நின்ற ஒரு குழுவில், நன்றாகப் படிக்கும் மாணவன் என் கேள்வியை அப்படியே மொழிபெயர்த்து, கத்தரிக்காய் விற்கும் ஓர் அம்மாவிடம் கேட்டிருக்கிறான்: ‘உங்கள் விளைபொருளின் சந்தைப்படுத்தல் வழிமுறை என்ன?’ அந்த அம்மா, ‘காய் வாங்குறதுன்னா வாங்கு தம்பி, இல்லன்னா யாவாரத்த மறைக்காம தள்ளி நில்லு’ என்றுவிட்டார். அப்போது அந்தக் குழுவில் இன்னொரு பையன், வகுப்பில் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருகிறவன், குத்தவைத்து உட்கார்ந்து, ‘இதையே மண்டியில போட்டா என்னத்தா குடுப்பான்?’ என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். கமிஷன், வண்டி வாடகை, ஏற்று இறக்கு கூலி, சாக்குக்குப் பிடித்தம், எடையில் கழிவு எல்லாம் கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. லீவு நாளில் மண்டியில் மூட்டை தூக்கப் போகிறவன் அவன். எதைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. செமினார் ஹாலில் பிபிடி போட்டு மூன்று பேர் ஆங்கிலத்தில் பேசினார்கள். இவன் ஓரமாகப் பென்டிரைவை வைத்துக்கொண்டு நின்றான். ‘வாட் இஸ் யுவர் கான்ட்ரிப்யூஷன்?’ என்று கேட்டேன். ‘சர்வே மேம்’ என்றான். இரண்டு மதிப்பெண் போட்டேன். பத்து நாள் கழித்து அதே குழுவில் இருந்த ஒரு பெண் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, ‘மேம், மூணாவது சாப்டர் முழுக்க அவன் கேட்டு வந்ததுதான்’ என்று சொன்னாள். அதற்குள் இன்டர்னல் ஏற்றும் போர்ட்டலை மூடிவிட்டார்கள். அந்த இரண்டு இன்னும் அவன் மதிப்பெண் பட்டியலுக்குள் இருக்கிறது.

ஆகவே மொழியைப் பற்றி உங்கள் சுற்றறிக்கை வாய் திறந்தாக வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள் நிறைய. ஆங்கில வழிப் பாடமானாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத விடுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. எழுதவே விடலாம் என்றால் பேச விடுவதில் என்ன தடை? விவாதம் தமிழில் நடக்கலாம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் ஆங்கிலம் பேசுகிற நாலு பேருக்குத்தான் அந்த ஐந்து போகும். ஆங்கிலம் கற்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கற்கட்டும். அதற்குத் தனித் தாள் இருக்கிறது, அங்கே மதிப்பெண் போடுவோம்.

‘இந்தப் பிள்ளைகளுக்குப் பேசவே வராது, குழுவாக வேலை செய்து பழக்கமில்லை’ என்று நம் ஆசிரியர்களே சொல்லக் கேட்கிறேன். இது சரியில்லை. கொஞ்சம் கணக்குப் போடுங்கள். இப்போது நம்மிடம் இரண்டாம் ஆண்டு படிப்பவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது நம் அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் இருந்தது. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007ல் மாநிலம் முழுக்க வந்த முறை அது. பெஞ்சு கிடையாது, பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அடுத்து எதைப் படிப்பது என்று காட்டும் ஏணிப்படி பார்த்துப் பாட அட்டை எடுத்தார்கள். தெரியாததைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டார்கள். சுவரில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்குமேல் கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படமும் எழுதிய காகிதமும் தொங்கின. வருகைப்பதிவைக்கூட அவர்களே போட்டார்கள். அந்த முறையில் குறைகள் இருந்தன. ஏட்டில் இருந்தது எல்லாப் பள்ளியிலும் நடக்கவுமில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை என்று பெற்றோர் சண்டைக்கு வந்த கதை எனக்கும் தெரியும். ஆனால் ஆறு வயதில் இவர்கள் குழுவில் உட்கார்ந்தவர்கள், கேள்வி கேட்டவர்கள்.

அப்புறம் என்ன ஆனது? ஒன்பதாம் வகுப்பு வந்தது. புக் பேக் ஒன் மார்க், ஸ்லிப் டெஸ்ட், காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். பேசினால் பெயர் பலகையில் ஏறும், எழுதிப் போடுவதற்கு ஒரு லீடர். நாலு வருடம் வாயைப் பொத்திப் பழக்கிவிட்டு, ஐந்தாவது வருடம் கல்லூரிக்கு வந்ததும் ‘துடிப்பு எங்கே?’ என்று நாம் கேட்கிறோம். மூடிய வாயைத் திறக்கவைக்க ஒரு சுற்றறிக்கை போதுமா?

தமிழ்த் துறை நண்பர் ஒருவரிடம் இதைப் புலம்பியபோது நன்னூலை எடுத்து நீட்டினார். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். ‘ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்.’ ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் சேரும். இன்னொரு கால் பங்கு கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் வரும். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்குச் சொல்லும்போது வரும். ஆக, முக்கால் பங்கு நான் வாயை மூடிய பிறகு நடக்கிறது. நம் கால அட்டவணையில் அந்த முக்காலுக்கு எத்தனை பீரியடு ஒதுக்கியிருக்கிறோம்? ஐந்து யூனிட், 90 வேலை நாள், அதில் மாடல் தேர்வு, விளையாட்டு விழா, மழை லீவு எல்லாம் போக மிச்சத்தில் ‘போர்ஷன் முடிஞ்சுதா?’ என்று மாதம் ஒருமுறை படிவம் வருகிறது. ரேஷன் அரிசி பேசிய இருபது நிமிடத்தை அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் (NAAC) குழுவின் மதிப்பீட்டில் ‘மாணவர் மையக் கற்பித்தல், பங்கேற்புக் கற்றல்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. நல்ல பகுதிதான். ஆனால் அதற்கு நம்மூரில் வழக்கமாக என்ன செய்கிறோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். செமினார் ஹாலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து வந்து வட்டமாகப் போடுவோம். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் தெரியும்படி ஜியோ டேக் போட்டோ எடுப்போம். ‘பேசுற மாதிரி வச்சுக்கோங்க’ என்று மாணவர்களிடம் சொல்வோம். படம் வந்ததும் நாற்காலிகள் ஹாலுக்குத் திரும்பிவிடும், பிள்ளைகள் பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார்கள். புதிய 10 மதிப்பெண்ணும் அந்த நாற்காலிகளைப் போல வந்து போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம்.

குழுப்பணிக்கு வருகிறேன். இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற இடம்.

எங்கள் ஊரில் தேர் ஓடும். வடம் பிடிக்கிற கூட்டத்தில் பாதிப் பேர் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடக்கிறவர்கள்தான், சிறுவயதில் நானும் அப்படித்தான். இதை மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்கவைத்தே அளந்து 1913ல் வெளியிட்டார். ஆள் சேரச் சேர, ஆளுக்கு இழுக்கும் விசை குறைந்துகொண்டே போகிறது. பிறகு 1979ல் அமெரிக்காவில் கைதட்டவும் கத்தவும் சொல்லிப் பார்த்தார்கள், கதை அதேதான். தன் பங்கு தனியாகத் தெரியவரும் என்றதும் இந்த மந்தம் குறைகிறது என்றும் அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. நம் குழுப்பணியில் எட்டுப் பேருக்கு ஒரு ஸ்பைரல் பைண்டிங். யார் எதைச் செய்தார்கள் என்று தெரிய வழியே இல்லை. பொறுப்பான ஒரு பெண் ராத்திரி உட்கார்ந்து டைப் செய்வாள், மற்ற ஏழு பேரும் ஜெராக்ஸ் கடைக்கு நாற்பது நாற்பது ரூபாய் கொடுப்பார்கள். எட்டுப் பேருக்கும் நாலரை. காசு கொடுத்ததும் ஒருவகைப் பங்கேற்பு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, அவர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடட்டும் என்று ரகசியச் சீட்டு கொடுத்துப் பார்த்தேன். எல்லோரும் எல்லோருக்கும் ஐந்து போட்டார்கள். ஒருவனிடம் தனியாகக் கேட்டதற்கு, ‘ஹாஸ்டல்ல ஒரே ரூம் மேம்’ என்றான். நியாயம்தானே, ராத்திரி அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த தடவை கேள்வியை மாற்றினேன். மதிப்பெண் வேண்டாம், உன் குழுவில் ஒவ்வொருவரும் செய்த ஒரு வேலையை மட்டும் ஒரு வரியில் எழுது என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ‘கடைக்காரர்கிட்ட பேசினது இவள்’, ‘அட்டவணை போட்டது அவன்’, ஒருவனுக்கு நேரே ஐந்து சீட்டிலும் ‘டீ வாங்கி வந்தான்’. அவனும் அதைப் பார்த்துச் சிரித்தான், அடுத்த வேலையில் ஒழுங்காக வந்தான்.

குழுவை எப்படிப் பிரிப்பது என்பது சின்ன விஷயம் இல்லை. ‘உங்களுக்குள்ளேயே சேர்ந்துக்கோங்க’ என்று விட்டால் ஊர்வாரியாகச் சேர்வார்கள். அந்த ஊருக்குள் தெருவாரியாக. அந்தத் தெரு எதைக் குறிக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023ல் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்கவும், கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கவும் சொன்னது. பக்கத்தில் உட்காரவைத்தால் மட்டும் ஒட்டிவிடுமா என்றால், ஒட்டாது. 1971ல் டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வழிவந்த பிள்ளைகளை முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்த்தபோது பகையும் சண்டையும் வந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் அறிஞர் செய்தது எளிய வேலை. பாடத்தைத் துண்டு போட்டு, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். மற்றவனிடம் கேட்காமல் பாடம் முழுமையாகாது. அவன் திக்கித் திக்கிச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டாக வேண்டும், ஏனென்றால் அந்தத் துண்டு அவனிடம்தான் இருக்கிறது. நான் நாலு பேர் குழுவில் மண்டி, உழவர் சந்தை, சில்லறைக் கடை, வீட்டு வாசலுக்கு வரும் தள்ளுவண்டி என்று தக்காளி விலையை ஆளுக்கு ஓரிடத்தில் விசாரிக்கச் சொல்லிப் பார்த்தேன். நாலும் சேர்ந்தால்தான் ஒரு அட்டவணை. கயிறு கட்டிய கையும் கட்டாத கையும் ஒரே தாளில் எழுதியதைப் பார்த்தேன். அதற்குமேல் பெருமையாக எதுவும் சொல்ல மாட்டேன். மணி அடித்ததும் அவரவர் கூட்டத்துக்கு அவரவர் போய்விட்டார்கள்.

நேரம் என்று ஒன்று இருக்கிறது. குழு வேலையை ‘வகுப்பு முடிந்து’ செய்யச் சொல்கிறோம். வகுப்பு முடிந்ததும் 4.10க்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு 6.30க்குத்தான். ஆறரை பஸ்ஸில் வந்தால் வீட்டில் கேள்வி கேட்பார்கள், அதுவும் பெண் பிள்ளையிடம். பையன்களில் பலர் சாயங்காலம் ஜவுளிக்கடைக்கோ கேட்டரிங்குக்கோ போகிறார்கள். வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாமே என்றால், என் வகுப்பில் ஒன்பது பெண்கள் அண்ணன் ஃபோனையோ அப்பா ஃபோனையோதான் பார்க்கிறார்கள். குழுப்பணியை உண்மையாகவே எதிர்பார்க்கிறோம் என்றால் அது பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் நடக்க வேண்டும்.

மாணவர்களுக்கும் சொல்ல இருக்கிறது, அவர்களை நான் தாங்கிப் பிடிக்கவில்லை. யாராவது தப்பும் தவறுமாக ஒரு வாக்கியம் பேசினால் பின்னாலிருந்து ‘ஓஓஓ’ என்று ஒரு ஊளை வருகிறதே, அது ஒருவர் வாயை மூன்று வருடத்துக்கு அடைத்துவிடும். அதை நான் சும்மா விடுவதில்லை. முதல் நாள் கொடுத்த நாலு பக்கத்தைப் படிக்காமல் வந்து விவாதத்தில் உட்காருவதும் பங்கேற்பு ஆகாது. கூச்சம் ஒரு குற்றமில்லை. கூச்சப்படுகிறவர் ஒரு துண்டுச் சீட்டில் தன் சந்தேகத்தை எழுதிக் கொடுக்கட்டும், அதையும் நான் பங்கேற்பாக எடுத்துக்கொள்வேன். ஆனால் மூன்று வருடம் ஒரு கேள்வியும் இல்லாமல் ஒருவர் பட்டம் வாங்கிப் போவதற்கு நான் உடன்படவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எது பங்கேற்பு என்று ஒரு பக்கத்தில், தமிழில், பருவத்தின் முதல் நாளே மாணவர் கையில் கொடுங்கள். கேள்வி கேட்பது, சீட்டில் எழுதிக் கொடுப்பது, முன்னால் பேசியவர் சொன்னதைத் தன் வார்த்தையில் சொல்வது, பக்கத்தில் இருப்பவருக்குப் புரியவைப்பது எல்லாம் அதில் வரட்டும். எத்தனை தடவை பேசினார் என்ற எண்ணிக்கை வேண்டாம். குழு நாலு பேருக்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஒரு பீரியடு குழு வேலைக்கென்று கால அட்டவணையிலேயே போடுங்கள், அதற்கு ஈடாக ஒவ்வொரு தாளிலும் அரை யூனிட்டைக் குறையுங்கள். பாடத்திட்டக் குழு முகம் சுளிக்கும், தெரியும். மதிப்பெண்ணை ஏற்றுவதற்கு முன் மாணவரிடம் காட்டுங்கள், மறுத்துச் சொல்ல இரண்டு நாள் கொடுங்கள், அதுவரை போர்ட்டலை மூடாதீர்கள். கடைசியாக, ஒவ்வொரு ஆசிரியரும் பருவத்துக்கு ஒருமுறை தன் வகுப்பைத் தானே பதிவு செய்து கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். வீட்டில் கேட்டால் போதும்.

அடுத்த கல்விக் குழுக் கூட்டம் இந்த மாதம் கடைசி வெள்ளி, மதியம் மூன்று மணிக்கு என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். நான் வருகிறேன். இந்த விஷயத்தில் யாருக்கு மதிப்பெண் போடப் போகிறோமோ அவர்களில் மூன்று பேரையும் அழைத்துவர அனுமதி கேட்டு முதல்வருக்குத் தனியாகக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ரேஷன் அரிசி கேட்ட பெண் வர ஒத்துக்கொண்டிருக்கிறாள், தமிழில்தான் பேசுவேன் என்ற நிபந்தனையோடு. நிகழ்ச்சி நிரலில் எங்கள் விஷயத்தை முதலாவதாக வையுங்கள். மூன்று பேருக்கும் 4.10 பஸ்.

இப்படிக்கு,
உங்கள் பொருளியல் துறை ஆசிரியை ஒருவர்